ஷிபுவின் தலையில் ஒரு பழம்

ஸ்டெனி நாகர்கோவிலில் தாவரவியல் படிக்கிறான். அதனால் வீட்டில் ஒரு செடிக்கும் அவனால் தொந்தரவு இருந்ததில்லை. கல்லூரிச் சுற்றுலா போய்விட்டு, கொடைக்கானலிலிருந்து நான்கு ஸ்ட்ராபெரி நாற்றுகளோடு சொந்த ஊரான திற்பரப்பில் வந்து இறங்கினான். இந்த வருடம், விளைச்சலைத் தேவாலயத்தில் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்குத் தங்கள் வீட்டுக் காணிக்கை ஸ்ட்ராபெரிதான் என்று பாடகர் குழுவில் அறிவித்தும் விட்டான்.

அடுத்த வீட்டு ஷிபு வருடா வருடம் ஆளுயர ஏத்தன் வாழைக்குலை படைக்கிறவன்.

"லே, ஒரு பழம் பழுக்கட்டு, நான் தலையில சொமந்து கோயிலுக்குக் கொண்டு வாறேன். பழுக்கேலன்னா எனக்க குலைய நீ சொமக்கணும், கேட்டியா."

குலையின் கனத்தை ஸ்டெனியின் கழுத்து அன்றே உணர்ந்தது.

வாசனைச் செடி பக்கத்தில் இருந்தால் ஸ்ட்ராபெரிக்குத் துணை என்று படித்துவிட்டுப் புதினா நட்டான். அம்மா ராஜபாய் தன் பங்குக்கு மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். அந்த வீட்டு முருங்கை, கறிவேப்பிலை, மிளகாய் எல்லாம் சாளைமீன் தண்ணீர் குடித்து வளர்ந்தவை.

"கொடைக்கானல்ல அதுக்கு மீன் கிட்டியிருக்காதுல்லா மக்கா" என்றாள்.

மீன் மணத்துக்கு ஷிபுவின் பூனை வந்தது. மூன்று செடிகளைத் தோண்டிப் போட்டுவிட்டுப் புதினாமேல் படுத்து உறங்கியது. மிஞ்சிய ஒற்றைச் செடியில் ஒரே ஒரு பிஞ்சு. முறையிடப் போனபோது, பூனைக்குப் பந்தயம் தெரியாது என்றான் ஷிபு.

ஸ்டெனி பூனையைக் கவனிக்க ஆரம்பித்தான். மதில், கோழிக்கூடு, கிணற்றடி என்று எங்கும் போகிற பூனை, முற்றத்து அருதாச் செடிகளை மட்டும் ஒதுங்கிச் சுற்றிப் போனது. அவற்றின் நெடி அப்படி. உடனே அருதாக்களைப் பெயர்த்து ஸ்ட்ராபெரியைச் சுற்றி நட்டான். மீன் தண்ணீரை நிறுத்தும்படி அம்மாவிடம் சொல்ல மட்டும் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் பூனை வந்தது, முகர்ந்தது, தும்மியது. பந்தியில் இடம் கிடைக்காத மாப்பிள்ளையைப்போல் திரும்பிப் போனது. பண்டிகைக்கு முந்தின நாள் பழம் முழுக்கச் சிவந்துவிட்டது.

ஷிபு சொல் மாறாதவன். ஞாயிறு காலை, வாழையிலை விரித்த தாம்பாளத்தில் அந்த ஒற்றைப் பழம் அவன் தலையில் ஏறியது. அவனுடைய குலை பின்னால் ஆட்டோவில் வந்தது. பழம் உருண்டுவிடக் கூடாதென்று கழுத்தைத் திருப்பாமல் அவன் நடக்க, சபையே எழுந்து வழிவிட்டது. ஸ்டெனி கையை வீசிக்கொண்டு முன்னால் போனான்.

"லே, பைய போ. ஆடினா விழும்."

"விழாம கொண்டு வாங்கண்ணே. எனக்க இந்த வருச அறுப்பு மொத்தமும் அதுதான்."

ஆராதனை முடிந்ததும், எல்லாம் சாளைத் தண்ணீர் செய்த வேலை என்று ராஜபாய் பெண்களிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டெனி மறுக்கவில்லை. ஜெயித்தவனுக்கு அந்தப் பெருந்தன்மைகூட இல்லாவிட்டால் எப்படி?