டேங்க் மூடியில் ஒரு கையெழுத்து

படப்பை பெட்ரோல் பங்க்கில் டீசல் நாஸில் தானாக நின்றதும் வண்டி முதலாளி ராஜசேகர் கையைத் தூக்கினார். "போதும். அதுக்கு மேல ஒரு சொட்டு வாணாம்."

போன முறை போட்ட அதே பம்பு, வண்டி நின்ற அதே இடம். அவர் வாலாஜாபாத் அரிசி மண்டியில் வளர்ந்தவர். டீசல் முள்ளைப் பார்த்து மைலேஜ் சொல்கிறவனும் மூட்டையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்கிறவனும் அவருக்கு ஒன்றுதான். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். வகுத்தார். லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர்.

போன வாரம் அவரே பக்கத்தில் உட்கார்ந்து போன அன்று, இதே பிக்கப், கம்பெனிகளில் சரக்கு அடுக்கும் இதே மரப் பேலட் லோடு, இதே ஒரகடம் ரோடு, பதிமூன்று கொடுத்தது. மிச்சத்தை யாரோ குடிக்கிறார்கள். யாரோ என்ன, டிரைவர் பேச்சிராஜ்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், புதிதாகக் கல்யாணமானவன்.

"வெயிலுக்கு வண்டி கொஞ்சம் கூடத்தான் குடிக்கும் அண்ணாச்சி."

"நான் வந்த அன்னிக்கு மட்டும் வெரதமா இருந்துச்சா?"

பேச்சிராஜ் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தான். ராஜசேகர் குரலை உயர்த்தவில்லை. கோபத்தைக் காட்டினால் பேரம் கெட்டுவிடும் என்பது மண்டிப் பாடம். ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டு, டேங்க் மூடியின் குறுக்கே அழுத்தி ஒட்டினார். மூடியைத் திருகினால் கையெழுத்து கிழியும்.

இரண்டு நாள் கழித்து அதே பம்பு. கையெழுத்து கலையாமல் இருந்தது. வகுத்தார். அதே பதினொன்று. கீழே டீசல் குழாயைக் கழற்றி எடுக்கிறானோ? இதற்கு மேல் பொறுக்க முடியாது. குன்றத்தூரில் சும்மா இருந்த டிரைவர் மணிகண்டபிரபுவுக்குப் போன் போட்டார். "பேச்சிராஜ நிறுத்தப் போறேன்பா. மத்தியானமா கூப்புடு, என்னிக்கி வரணும்னு சொல்றேன்." பிறகு கையும் களவுமாகப் பிடிக்க பைக்கை எடுத்தார்.

ஒரகடத்தில் பேலட் இறக்கும் கம்பெனி கேட்டுக்கு வெளியே, லோடு இறக்கக் காத்திருக்கும் வண்டிகளின் வரிசையில் அவருடைய பிக்கப்பும் நின்றது. நின்றதே தவிர இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் வறண்ட மண்ணில் ஏசித் தண்ணீர் சொட்டிச் சின்னக் குட்டையாகியிருந்தது. ஏசி இல்லாத வண்டியின் விலைக்கே ஏசி வண்டி வேண்டுமென்று ஒரு முழுக் காலை பேரம் பேசி எடுத்த வண்டி. எடுத்ததோடு சரி, ஏசியைப் போடக் கூடாது என்பது உத்தரவு. பேச்சிராஜ் உள்ளே இல்லை. வண்டி நிழலில் குந்தியிருந்தான்.

"இன்னாபா இது?"

"மெல்லப் பேசுங்க அண்ணாச்சி. இப்பத்தான் ஒறங்குதா."

ராஜசேகர் எட்டிப் பார்த்தார். சீட்டில் குறுக்காகச் சுருண்டு ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை இன்னும் தொங்கியது: கனகலட்சுமி. பேச்சிராஜின் மனைவி.

"நைட் ஷிப்ட்டு அண்ணாச்சி. ஹாஸ்டல் ரூம்ல அத்தன பேரு, பகல்ல ஒரே சத்தம், ஒறக்கமே கெடையாது. போன வாரம் கம்பெனி லைன்ல வேலைக்கு நின்னுக்கிட்டே ஒறங்கிச் சாஞ்சிட்டா."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா ஏசிய அமத்தச் சொல்லிருவீயளே."

சொல்லத்தான் சொல்லியிருப்பார். நிற்கிற வண்டிக்குக் கிலோமீட்டர் ஏறாது, டீசல் மட்டும் இறங்கும். எந்தச் சீட்டை எங்கே ஒட்டினாலும் அது பிடிபடாது. வண்டியின் முன்பக்கம் போய்ப் பார்த்தார். முன் கண்ணாடியில் வெயில் நேராக விழுந்தது.

"இப்டி வெயில்ல வுட்டா ஏசி டீசலத்தான் குடிக்கும். மரத்தாண்ட திருப்பி நிறுத்துபா."

"நகத்துனா முழிச்சிருவா அண்ணாச்சி."

"தார்ப்பாய எடு அப்போ."

பேலட்டை மூடும் தார்ப்பாயை இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கண்ணாடிக்கு மேல் மெதுவாகப் போர்த்தினார்கள். தன் முனையைப் பக்கக் கண்ணாடியில் கட்டிவிட்டு, அவர் பக்கத்துக்குக் கயிறு தேடினான் பேச்சிராஜ். ராஜசேகர் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தார். விட்டால் வெயில் அவள் முகத்தில் விழும். அவருடைய சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பையின் வாயில் மணிகண்டபிரபு என்ற பெயர் பாதி தெரிந்தது.

"அண்ணாச்சி, போனு."

"கை காலியாவா கீது? மொதல்ல கயிறக் கட்டு."

போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அதிரத் தொடங்கியது. எங்கிருந்தோ வந்த நாயொன்று வண்டிக்கு அடியில் தலையை நுழைத்து, சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைச் சத்தமில்லாமல் நக்கியது.