சம்பந்தி கடை ஸ்பிரிங்ளர்

பட்டாசு கம்பெனி முதலாளி கதிரவனுக்குப் புல் வேண்டுமாம். திருத்தங்கல் பக்கம், கருவேலத்தைத் தவிர எதுவும் தானாக முளைக்காத நிலத்தில், ஆபீஸுக்கு முன்னால் பச்சைப் பசேலென்று புல்தரை. வடநாட்டு வியாபாரிகள் தீபாவளி ஆர்டர் கொடுக்க வரும்போது பக்கத்துக் கம்பெனிப் புல்லைப் பார்த்து மயங்கிவிடுகிறார்களாம். மேயத்தான் வருகிறார்களா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நான் ஜாபர் சாதிக். விருதுநகரில் இருந்துகொண்டு தோட்டங்களுக்குப் பாசனம் அமைத்துக் கொடுக்கிறேன். மோட்டாரைப் போட்டால் தண்ணீர் வரப்போகிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைக்கிறவர்கள்தான் எனக்கு வாய்க்கிற வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர். கதிரவன் அவர்களுக்கெல்லாம் தலைவர்.

இருந்தாலும் ஒழுங்காகவே வரைந்து கொடுத்தேன். போர்வெல் தண்ணீரில் மணல் வரும் என்பதால் ஃபில்டர். புல்லுக்கு ஒரே கம்பெனி, ஒரே சைஸ் ஸ்பிரிங்ளர். கலந்து வைத்தால் ஓரிடம் குளமாகும், ஓரிடம் காயும். கிழக்கு ஓரத்து அரளிச் செடிகளுக்குச் சொட்டுநீர் மட்டும், அதற்குத் தனி வால்வு. ஏனென்றால் அரளிக்கு அந்தப் பக்கம் மருந்து காயும் மேடை இருக்கிறது. அலுமினியத் தூள் கலந்த வெடிமருந்தில் தண்ணீர் பட்டால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அந்த மேடையில் வள்ளித்தாயும் இன்னும் சில பெண்களும் நாள் முழுக்க நிற்கிறார்கள்.

"கிழக்க ஒரு சொட்டு தெறிக்கக் கூடாது" என்றேன்.

"மருந்தப் பத்தி எனக்கே பாடம் எடுக்கீகளா, பாய்?" என்று சிரித்தார் கதிரவன். சாமான்களைத் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார்.

அங்கேதான் பிடித்தது சனியன். கதிரவனின் மச்சான் பைப் கடை வைத்திருக்கிறார். தங்கை மாப்பிள்ளையும் வைத்திருக்கிறார். சம்பந்தி சங்கிலிமுத்துவும் வைத்திருக்கிறார். ஒருவரிடம் வாங்கிவிட்டு இன்னொருவரை விட்டால் அடுத்த காதுகுத்துக்குப் பந்தி காலியாக இருக்கும். ஆகவே மனுஷன் நியாயமாகப் பங்கு பிரித்தார். குழாயில் மூன்று பங்கு, வால்வில் மூன்று பங்கு, ஸ்பிரிங்ளரிலும் மூன்று பங்கு. என் வரைபடம் என்ன ஆனது என்று தெரியவில்லை. வடை மடிக்கப் போயிருக்கும்.

மச்சான் கடை வால்வு சம்பந்தி கடைக் குழாயில் ஏறவில்லை. உடனே தனித்தனி வால்வுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மொத்தத்துக்கும் ஒரே வால்வு வைத்தார்கள். பொருந்தாத குழாய்களைச் சூடு காட்டி விரிக்க வேண்டும். கம்பெனிக்குள் நெருப்புக் கூடாது. அதனால் வெளியே டீக்கடை அடுப்பில் குழாயின் வாயைக் காட்டி இளக்கி, ஆறுவதற்குள் ஓடிவந்து சொருகியிருக்கிறார்கள். இந்த மூளையில் பாதியை அளவு பார்ப்பதில் செலவழித்திருக்கலாம்.

வியாபாரிகள் வரும் நாளன்று தண்ணீரைத் திறந்து வைக்க என்னை அழைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். மச்சான் சாமானும் மாப்பிள்ளை சாமானும் புல்லில் இடத்தை அடைத்துக்கொண்டதால், சங்கிலிமுத்துவின் பங்கைக் கிழக்கு ஓரத்தில் வரிசையாக நட்டிருந்தார்கள். கடலைக் காட்டுக்கு வைக்கிற சாமான் அது. இடுப்பு உயரக் குழாயில் நின்றுகொண்டு அடுத்த காடு வரை வீசும்.

"இதத் தொறந்தா மேடை நனையும். யாரு இங்கன நடச் சொன்னது?" என்றேன்.

"சம்பந்தி சாமான் மட்டும் ஸ்டோர்ல கெடந்தா நல்லாவா இருக்கும், பாய்? ஒரு பத்து நிமிசம் ஓட்டுங்க."

சங்கிலிமுத்து வெள்ளைச் சட்டையில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார். மற்ற இருவரும் பக்கத்தில். அந்த வரிசையை மட்டும் அடைக்கலாம் என்றால் அதற்கு வால்வும் இல்லை. வாக்குவாதம் மேடை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். வள்ளித்தாய் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தார்.

"மொதலாளி, இதத் தொறந்தா எங்க மேல தண்ணி விளுமா?"

"விளாது தாயி. காத்து அந்தப் பக்கம்லா அடிக்கி."

"அப்பச் சரி. வித்தவுக மூணு பேரும் நீங்களும் வந்து எங்ககூட மேடையில நில்லுங்க. பொறவு பாய் தொறக்கட்டும்."

மச்சானுக்கு உடனே போன் வந்தது. மணியடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தங்கை மாப்பிள்ளைக்கு மேடை ஏற முடியாதபடி முட்டி வலித்தது. பட்டாசில் சம்பாதித்துக் கடை வைத்த சங்கிலிமுத்துவுக்கு மருந்து வாடை ஆகாதாம். கதிரவன் என் முகத்தையும் பார்க்கவில்லை, அந்த அம்மாள் முகத்தையும் பார்க்கவில்லை.

நான் வால்வைத் தொடவில்லை. அங்கேயே உட்கார்ந்து கிழக்கு வரிசையைப் பிடுங்கிப் போட்டேன். சங்கிலிமுத்து விருந்து சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனார். வியாபாரிகள் வந்தார்கள். ஒருவரும் புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஏசி அறைக்குள் போய் விலையைக் குறைக்கச் சொன்னார்கள்.

மறுவாரம் கதிரவன் போன் செய்தார்.

"சம்பந்தி பேசவே மாட்டேங்காரு, பாய். எம் மக அங்கன அளுதுக்கிட்டு இருக்கா. அந்த வரிசைய மறுபடி நட்டுக் குடுங்க. அந்தப் பொம்பளையத்தான் வேலைய விட்டு நிப்பாட்டியாச்சே. இனி எவ கேக்கப் போறா?"

போனைச் சுவரில் எறியலாம் போலிருந்தது. உயிரைக் காப்பாற்றிக்கொண்டதற்கு அந்த அம்மாளுக்கு இவர் கொடுத்த தண்டனை அது.

"வள்ளித்தாய் திரும்ப மேடைக்கு வரட்டும். நான் வந்து நட்டுத் தாரேன்" என்றேன்.

வேலைக்காரியிடம் இறங்கிப் போவது பெரிய அவமானமா, சம்பந்தி முறைத்துக்கொள்வது பெரிய அவமானமா என்று எடை போட்டிருப்பார். சம்பந்தி ஜெயித்தார். மறுநாளே வள்ளித்தாய் மேடைக்குத் திரும்பினார்.

சொன்னபடியே நட்டுக் கொடுத்தேன். அந்தச் சாக்கில் மற்றதையும் என் வரைபடப்படி மாற்றினேன்: புல்லுக்கு ஒரே சைஸ் ஸ்பிரிங்ளர், அரளிக்குச் சொட்டுநீர், தனி வால்வு. கிழக்கு வரிசைக்குப் போகிற குழாயை மண்ணுக்கு அடியில் அறுத்து, வாயை மூடி ஒட்டி, மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டேன். அதற்கு மேல் சங்கிலிமுத்துவின் சாமான் அத்தனையும் பளபளவென்று நின்றது. அவர் வந்து பார்த்தார், தடவிக் கொடுத்தார், வயிறாரச் சாப்பிட்டார். தண்ணீர் வருகிறதா என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

வள்ளித்தாய் மட்டும் நட்டு முடித்த அன்றைக்கே மேடையிலிருந்து இறங்கி வந்தார். "மறுபடி நட்டுட்டீகளே, பாய்?"

"தண்ணி வராதும்மா. அடியில அறுத்துட்டேன்."

என்னை நம்பாமல் மண்ணைக் காலால் கிளறி, குனிந்து, மூடிய குழாய் வாயைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு மண்ணைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். சாப்பாட்டுப் பையைச் சம்பந்தி கடை ஸ்பிரிங்ளரில் மாட்டிவிட்டு மேடைக்குப் போனார்.