மனப்பாடமாகிப்போன சாட்சி

1

'ஆதி அன்பு ஆறாமல் காத்துக்கொள்வது எப்படி' என்று சபையின் மாதப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். வசனங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பாரா எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்தது. எழுதுகிறவனுக்கே இந்தக் கதி என்றால் வாசிக்கிற உங்களை நினைத்தால் பாவமாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, தேவஇரக்கம் என்று ஒருவரைக் கூப்பிட்டேன். (கூப்பிட்டேன் என்றால் கற்பனை செய்தேன். மனிதர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.)

2

1964ஆம் வருடம், தாராவியில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு...

வேண்டாம். மழையில் தொடங்கினால் யாராவது செத்துப்போவார்கள்.

தேவஇரக்கம் தாராவியில் டின் பட்டறை வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பம்பாய்க்கு வந்த புதிதில் ஜன்னி கண்டு, டாக்டரே கைவிரித்த பிறகு, ஆண்டவர் அவரைப் பிழைக்க வைத்தார். சனிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டங்களில் அதைத்தான் சாட்சியாகச் சொல்லுவார். எந்த இடத்தில் அவர் குரல் தழுதழுக்கும், எந்த இடத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் அத்துப்படி. நடுவில் அவருக்கு இருமல் வந்தால் கூட்டமே மிச்சத்தைச் சொல்லிவிடும்.

3

அந்தச் சனிக்கிழமையும் குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. ஆனால் அவர் மனம், பக்கத்து வீட்டில் பொரிகிற மீன் சாளையா அயிலையா என்று யோசித்துக்கொண்டிருந்தது. திடுக்கிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து சாப்பிடவே பிடிக்கவில்லை.

"ஏட்டி, வாயி ஆண்டவரச் சொல்லுது, மனசு அயிலைக்குப் போவுது. அவர் மேல இருந்த ஆசையே எனக்குப் போயிட்டோ?"

(இங்கே அவர் மனைவி அன்னபாக்கியம் ஒரு வசனம் சொல்லித் தேற்றுவதாக எழுதிப் பார்த்தேன். அந்த அம்மாள் என்னை முறைத்தாள்.)

"போவாம என்ன செய்யும்? கல்யாணத்தன்னைக்கு நான் கட்டியிருந்த சேலையப் பத்தியே நித்தமும் பேசிட்டிருந்தா எனக்கு நல்லாவா இருக்கும்? இன்னைக்கு என்ன கலர் கட்டியிருக்கேன், சொல்லுங்க பாப்போம்!"

"பச்சை."

"நீலம்! விளக்கத் தூண்டிப் பாருங்க."

பார்த்தார். நீலம்தான். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனாலும் படுத்த பிறகு அவருக்குப் பயமாக இருந்தது. ஜன்னிக் கதையை எடுத்துவிட்டால் தனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் சொல்லிக்கொள்ள ஒன்றுமே மிஞ்சாவிட்டால்?

4

அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டது. கதையை முடித்தாக வேண்டும்.

ஒரு முடிவு: பழைய சாட்சியையே புதுக் கண்ணீரோடு சொல்கிறார். எழுதும்போது நானே அழுதுவிட்டேன். அதனாலேயே சந்தேகம் வந்து அடித்துவிட்டேன்.

இன்னொரு முடிவு: வாயடைத்து உட்கார்ந்துவிடுகிறார், கூட்டத்தை நடத்தும் உபதேசியார் எழுந்து ஒரு மணி நேரம் பிரசங்கம்... சபைக்கு அந்தத் தண்டனை எதற்கு?

கடைசியில் அவரையே விட்டுவிட்டேன். எழுந்து நின்றார்.

"பம்பாய்க்கு வந்த புதுசுல..." என்று கூட்டத்தில் யாரோ ஆரம்பித்தார்கள்.

"அது அன்னைக்கு அவரு செஞ்சது," என்றார் தேவஇரக்கம். "இந்தச் செவ்வாக்கிழமை பட்டறையில வச்சி, நான் ஆண்டவருகிட்ட நல்லாச் சண்ட போட்டுட்டேன்."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். அன்னபாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பொறவு?" என்றாள்.

அவர் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த வாரமே நாலு பேர் அதை நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். உங்களுக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை வந்திருக்கும் அல்லவா? அதிலிருந்து ஆரம்பியுங்கள்.