பெரிய வெள்ளியில் சவிரியின் பெயர்

1

இந்தக் கதை நெல்லியடிச் சந்தையில், மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது கிடைத்தது. "றெஜினாக்கா இப்ப சிரிக்கிறாவாம்," என்று பக்கத்தில் நின்ற பெண் பொலிசில் முறைப்பாடு கொடுக்கும் குரலில் சொன்னார். மீனைவிட இது புதிதாக இருந்தது.

2

முதல் தொடக்கம்: "அலைகள் கரையில் புலம்பின, வானம்..." வேண்டாம். எங்கள் கடல் புலம்புவதில்லை. அந்த வேலைக்குத்தான் றெஜினா இருக்கிறாள்.

இரண்டாவது: தவக்காலத்தில் எங்கள் கரையோரக் கோயிலில் பசான் பாடுவார்கள். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் புலம்பல் அது. பெரிய வெள்ளியன்று மாதாவின் பகுதி றெஜினாவுக்கு. அவள் கணவன் சவிரி கடலில் இறந்த வருடம், "என் மகனே" என்று பாடவேண்டிய இடத்தில் வாய் தவறி "என்ரை சவிரி" என்று பாடிவிட்டாள். அவன் உயிரோடிருந்தவரை "இஞ்சாருங்கோ" என்று மட்டுமே அழைத்த வாய். கோயிலே விம்மியது. அடுத்த வருடம், பசானை நடத்தும் கோயில் மூப்பர் அருளப்பு, "பிள்ளை, அதை அப்பிடியே விடு," என்றார். பிழை மரபாயிற்று. இப்போது கனடாவிலிருந்தும் நேரலையில் அழுகிறார்கள்.

3

உயிர்ப்பு ஞாயிறு கழிந்ததும் றெஜினா, படகு எஞ்சின் திருத்தும் ஜெறோமை மணக்கப்போகிறாள். (இவ்வளவு நல்லவனை வாசகர் நம்பமாட்டார் என்று அவனுக்கு ஒரு குடிப்பழக்கம் எழுதினேன். பிறகு வெட்டிவிட்டேன். றெஜினாவுக்குத் தொல்லை தர மூப்பரே போதும்.)

ஒத்திகையில் அவள் "மகனே" என்று பாடினாள். கூடப் பாடியவர்கள் நின்றுவிட்டார்கள்.

"பிள்ளை, சனம் அந்த இடத்துக்குத்தான் வருது," என்றார் மூப்பர்.

"மாதாவின்ரை மகனுக்காக வரேல்லையோ?"

"அவருக்கும்தான். ஆனால் சவிரிக்கெண்டால் கண்ணீர் கெதியா வருது."

வாசலில் நின்ற ஜெறோம், "பாடுங்கோவன் றெஜினா. எனக்கு ஒண்டுமில்லை," என்றான்.

"உங்களுக்கு இல்லை. எனக்கு இருக்கு." அவள் மூப்பரிடம் திரும்பினாள். "வருசா வருசம் அந்த மனுசனைச் சிலுவையிலை ஏத்துறம். ஆண்டவரையே அண்டைக்குப் பின்னேரம் இறக்கிப்போட்டினம். சவிரியை எப்ப இறக்கிறது?"

மூப்பர் யோசித்தார். "கடைசியா ஒருக்கா..."

"அவரை ஆண்டவரிட்டை விட்டிட்டன் மூப்பர். அதை நம்பித்தான் கலியாணத்துக்கு நாள் வைச்சனான். நீங்கள்தான் திருப்பிக் கேக்கிறியள்."

4

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டில் சோறு வடிக்கும்போது இரண்டு சொல்லையும் பாடிப் பார்த்தாள். சவிரி தானாக வந்தான். மகனைத் தள்ளிக்கொண்டு வரவேண்டியிருந்தது. அதுதான் அவளுக்குப் பயம்.

முடிவு அ: "சவிரி" என்கிறாள். கனடா திருப்தியடைகிறது. ஜெறோம் எஞ்சினைக் கழற்றி, திரும்பவும் பூட்டி, திரும்பவும்...

முடிவு ஆ: "மகனே" என்கிறாள். ஒருவரும் அழவில்லை. மாதாவின் சுருவத்தின் கண்ணில் மட்டும் ஒரு துளி... (இது மிகை. அடித்துவிட்டேன். நீங்கள் பார்க்கவில்லை.)

5

பெரிய வெள்ளி. அந்த இடம் நெருங்கியது. கண் துடைக்க லேஞ்சிகள் வெளியே வந்தன. மூப்பர் கண்களை மூடி ஆயத்தமானார். றெஜினா சிலுவையைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள்.

நான் இங்கே நிற்பாட்டுகிறேன். நீங்களும் அந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தீர்கள், லேஞ்சி தெரிகிறது. அவளுடைய சொல்லை அவளிடமே விடுங்கள். அழத்தான் வேண்டுமென்றால், உங்கள் வீட்டுப் பெயர் ஒன்றைப் போட்டு நீங்களே பாடிக்கொள்ளுங்கள்.