முதல் வெள்ளிச் சிரிப்பு

நற்கருணை வழங்கும் பணியாளராக எமல்டாவின் பெயரைப் பங்குத் தந்தை பூசையில் அறிவித்த அன்றே ஜெசிந்தாவுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. சேலையூர்ப் பங்கில் பீடத்துக்குப் பூ வைப்பது யார்? பீடத்துணி துவைப்பது யார்? தவக்காலத்தில் கஞ்சி காய்ச்சுவது யார்? எல்லாம் ஜெசிந்தா. எமல்டாவோ நேற்று வந்தவள். மறைமலை நகரில் ஏதோ கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவள், சுருதி சேராமல் பாடுகிறவள், கண்டவர்களிடமெல்லாம் இளித்து இளித்துப் பேசுகிறவள். அவளுக்குப் போய்!

அதோடு போயிருந்தாலும் பொறுத்திருப்பாள். கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு மாதத்தின் முதல் வெள்ளியன்று வீட்டுக்கே நன்மை, அதாவது ஆண்டவரே இருக்கிற நற்கருணை அப்பம், கொண்டுபோவதும் அந்தப் பணியில் சேர்ந்தது. ஜெசிந்தாவின் கணவர் ஆபேல் பக்கவாதத்தில் படுத்திருந்தார். காலமெல்லாம் மின்சார ரயில் ஓட்டிய மனிதருக்கு இப்போது வலக்கையும் நாக்கும் சொன்னபடி கேட்பதில்லை. ஆக, எமல்டா இந்த வீட்டுப் படியும் ஏறினாள். ஜெபம் முடிந்ததும் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் ஆபேல் சிரிக்கும் சத்தம் கேட்கும்.

குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, துணி மாற்றி ஓயாமல் உழைப்பவளிடம் உம்மென்று இருக்கிற மனுஷன் அவளிடம் சிரிக்கிறார்! பீடத்தைக்கூட விட்டுக்கொடுத்துவிடலாம். இதை எப்படி விட்டுக்கொடுப்பது? சமையலறையில் ஜெசிந்தா பாத்திரங்களை டமால் டமாலென்று வைப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலிங்பெல் அடித்ததும் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள்.

"அவரு தூங்குறாரு. இந்த மாசம் வேணாம்."

நற்கருணைச் சிமிழை நெஞ்சோடு அணைத்திருந்த எமல்டா தலையசைத்துவிட்டுப் போனாள். ஜெயித்துவிட்ட திருப்தியோடு காபி கலந்து உள்ளே எடுத்துப்போனாள் ஜெசிந்தா.

ஆபேல் இடக்கையாலேயே தலை வாரிக்கொண்டு விழித்திருந்தார். அவள் வாசலில் சொன்னது அந்தச் சின்ன வீட்டில் அவருக்கும் கேட்டுத்தான் இருந்தது. டம்ளரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நன்மை வாங்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது அவருக்கு. நோயாளிக்கு அந்தக் கட்டாயம் இல்லையென்று ஃபாதரே சொல்லியும் கேட்காதவர்.

"இன்னிக்கு வர மாட்டாங்க. குடிங்க."

அவர் கண்கள் கதவைவிட்டு அசையவில்லை. ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எமல்டாவையா வாசலோடு அனுப்பினேன்? ஆண்டவரையல்லவா அனுப்பிவிட்டேன்!

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். தெருமுனை மருந்துக்கடை அருகே எமல்டாவைப் பிடித்துவிட்டாள்.

"எமல்டா, அவரு தூங்கல. பொய் சொன்னேன். உன்கிட்ட அவரு சிரிக்கிறது எனக்குப் பொறுக்கல."

நன்மையைச் சுமந்து போகும்போது எமல்டா யாரிடமும் பேசுவதில்லை. ஜெசிந்தாவின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு அவளோடு திரும்பி நடந்தாள்.

நன்மை கொடுத்து, ஜெபமும் முடிந்தது. ஜெசிந்தா இன்று சமையலறைக்குப் போகவில்லை.

"அப்படி என்னதான் சொல்லி இவரைச் சிரிக்க வைக்கிற?"

"நான் எங்க சொல்றேன், அக்கா? அண்ணன்தான் சொல்றாரு. ஒவ்வொரு வார்த்தையும் வர நேரமாகுது. வர்ற வரைக்கும் உக்காந்திருப்பேன், அவ்ளோதான்."

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. அவர் "த" என்றால் தண்ணீர், "ஜ" என்றால் ஜன்னல். மீதியை அவளே சொல்லி முடித்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடிவிடுவாள். அவர் நிஜமாகவே தண்ணீர்தான் கேட்டாரா என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

எமல்டா எழுந்து ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள். ஜெசிந்தா உட்கார்ந்தாள்.

"பொ..." என்று ஆரம்பித்தார் ஆபேல்.

போர்வையா என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். அவர் உதடு குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது. காபி ஆறி ஆடை கட்டிவிட்டது.

"பொய்... க்காரி" என்றார் ஆபேல். சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தே சிரித்தார்.