நடுத்தாள்

பர்னபாஸுக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ரங்கூன் பபேடான் தெருமுனையில் இருக்கும் கமால் டீக்கடையில் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, அமிர்தநாதனின் கடிதத்தை ஊருக்கே உரக்கப் படித்துக் காட்டும்போதெல்லாம் அவன் வயிறு நின்று நிதானமாக எரிந்தது.

கடிதம் பிரான்சிலிருந்து வருவது. அமிர்தநாதன் தன் மனைவி செசிலியாவுக்கு எழுதுவது. செசிலியா தமிழ் நன்றாகப் பேசுவாள். படித்தது பர்மியப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அமிர்தநாதனுக்கோ பர்மிய எழுத்து வராது. ரங்கூனில் பாதித் தமிழ்க் குடும்பங்களின் கதை இதுதான்: புருஷனுக்கு ஒரு எழுத்து, பெண்டாட்டிக்கு ஒரு எழுத்து. அதனால் வரும் கடிதத்தைப் படிக்கவும், அவள் சொல்லச் சொல்லப் பதில் எழுதவும் நடுவில் ஓர் ஆள் தேவைப்பட்டது. கோயிலில் கணீரென்று செபம் சொல்கிற பர்னபாஸைவிட்டால் வேறு யார்? வெளிநாட்டுக் கடிதம் அபூர்வமாகிப் போன காலம் அது. அரசாங்கம் பெரிய கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டதற்கு அடுத்த வருஷம். ஒரு வீட்டுக்குக் கடிதம் வந்தால் கேட்க நாலு வீடு கூடிவிடும்.

சரி, வயிறு ஏன் எரிய வேண்டும்? கேளுங்கள். கோயிலில் முப்பது வருஷம் இருந்த ரெனோ சாமியாருக்குப் பக்கவாதம் கண்டு, அவரைப் பிரான்சிலுள்ள சொந்த ஊருக்கு அனுப்பியபோது, தூக்கி உட்காரவைக்க ஓர் ஆள் கூடப் போக வேண்டியிருந்தது. சாமியார் முதலில் கேட்டது பர்னபாஸைத்தான். அந்த மாதம் பார்த்து அவன் மனைவி மார்த்தாவுக்கு டைபாய்டு. விட்டுவிட்டுப் போக முடியுமா? அவனுக்குப் பதிலாகக் கோயிலில் மணியடிக்கிற அமிர்தநாதன் கப்பலேறிவிட்டான்.

அதுகூடப் பரவாயில்லை. அவன் அங்கே போய்ச் சைக்கிள் ஓட்டினான்! அதைத்தான் பர்னபாஸால் தாங்க முடியவில்லை. சைக்கிள் என்றால் ரங்கூனில் பர்னபாஸ். ஏரியைச் சுற்றும் பந்தயத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து முதலாவதாக வந்தவன். சாமியார் கொடுத்த பிரெஞ்சுப் பத்திரிகையிலிருந்து ஒரு படத்தை வெட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தான். இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நடுவே வெள்ளை ரோடு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மோட்டார் வண்டி கிடையாது. "இந்த ரோட்டுல ஒரு நாளாச்சும் ஓட்டாம நான் சாகமாட்டேன்" என்று கல்யாணமான மாதமே மார்த்தாவிடம் சொன்னவன். நம் ஆட்கள் மதராஸுக்குக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தபோதும் அவன் அசையவில்லை. அவனுக்கு மதராஸ் வேண்டாம். அந்த ரோடு வேண்டும்.

அமிர்தநாதனோ இருபத்தெட்டு வயதுவரை சைக்கிள் ஏறத் தெரியாத ஆசாமி. க்யிம்யிண்டைங் ஆற்றங்கரையில் அவனை ஏற்றிவிட்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடியது யார்? பர்னபாஸ். இப்போது அவன் சாமியாருக்கு மருந்து வாங்கப் பர்கண்டித் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஹாயாகப் போய் வருகிறான். இவன் ஒன்பது ஒட்டுப்போட்ட டியூபோடு, பஸ் விடும் கரும்புகையை விழுங்கிக்கொண்டு, துறைமுகத்துக் கணக்கெழுதப் போகிறான். நியாயமா இது?

முதல் இரண்டு கடிதங்களை உள்ளது உள்ளபடிதான் படித்தான். "காலையில் கால்வாய் ஓரமாகவே போகிறேன், ஒரு சத்தமில்லை" என்று படிக்கும்போது கூட்டம் "ஆகா" என்றது. செசிலியா முகம் பூரித்தது. பர்னபாஸுக்கு டீ கசந்தது.

மூன்றாவது கடிதத்தில் கைவரிசையைக் காட்டினான். "வெயில் இதமாக இருந்தது" என்று எழுதியிருந்ததை "மழை பிடித்துக்கொண்டது" என்று படித்தான். எழுதாத நாய் ஒன்று குறுக்கே ஓடியது. அமிர்தநாதன் சேற்றில் குப்புற விழுந்தான். கடையே கொல்லென்று சிரித்தது. பர்னபாஸுக்கு அன்று டீ இனித்தது. அதன்பிறகு விடுவானா? ஒவ்வொரு கடிதத்திலும் அமிர்தநாதன் விழுந்துகொண்டே இருந்தான். பள்ளத்தில் விழுந்தான், வேலியில் விழுந்தான், ஒருமுறை கோழிக்கூட்டின் மேலே விழுந்தான்.

"கோ பர்னபாஸ், உன் சிஷ்யன் இந்த வாரம் எங்கே விழுந்தான்?" என்று கமால், அண்ணனுக்குப் பர்மியர் சொல்லும் 'கோ'வைச் சேர்த்து, டீயை ஆற்றிக்கொண்டே கேட்பான்.

செசிலியா மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "முழங்காலுக்குத் தைலம் தேய்க்கச் சொல்லி எழுதுங்கண்ணே" என்பாள். பர்னபாஸ் தலையாட்டிவிட்டு, "இங்கே எல்லாரும் நலம்" என்று எழுதுவான்.

ஒருநாள் வீட்டில் மார்த்தா, "பொறாமைப்படுறீங்க" என்றாள்.

"பொறாமையா? நானா? போயும் போயும் அவன் மேலயா?"

"அலமாரியத் திறக்கும்போதெல்லாம் பல்லக் கடிக்கிறீங்களே, எனக்குக் கேக்காதா?" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

ஜூன் மாதம் வந்த கடிதம் மூன்று தாள். முதல் தாள் சாமியாரின் உடல்நிலை. அதைப் படித்து முடித்து இரண்டாவது தாளை எடுத்தான். "இனி சைக்கிள் விஷயம்" என்று தொடங்கியது. அவ்வளவுதான், அவனுக்குப் பொறுக்கவில்லை. அன்று காலையில்தான் பத்தாவது ஒட்டும் பிய்ந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே பூசைக்கு வந்திருந்தான். விழவைக்கக்கூட மனமில்லை. போடா நீயும் உன் ரோடும் என்று மனதுக்குள் திட்டிவிட்டு, அடுத்த வரியைப் பார்க்காமலேயே அந்தத் தாளை மடித்து அடியில் செருகினான். மூன்றாவது தாளுக்குத் தாவினான். "மற்றபடி எல்லாரும் சுகம். அனைவருக்கும் என் அன்பு." கடிதத்தைச் செசிலியாவிடம் நீட்டினான். அவள் வாங்கித் தோளில் தொங்கிய ஷான் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த கடிதம் வர மூன்று மாதமாயிற்று. ஒரே தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது, கடைக்குள் முக்காலி முக்காலியாக ஆட்கள். மார்த்தாவும் வந்திருந்தாள். இந்த முறை அமிர்தநாதனைப் பாலத்திலிருந்து விழவைப்பதா, மாட்டுவண்டியில் மோதவைப்பதா என்று யோசித்துக்கொண்டே பர்னபாஸ் தொண்டையைக் கனைத்துப் படிக்க ஆரம்பித்தான்.

"அன்புள்ள செசிலியாவுக்கு. பர்னபாஸ் அண்ணனிடமிருந்து ஒரு வரி பதில்கூட வராததில் சாமியாருக்கு மிகவும் மனவருத்தம். மாதா திருநாள் போய் இரண்டு வாரம் கழித்தும் பார்த்தோம். இனித் தாமதிக்க முடியாது என்று அந்த இடத்தை ஒரு புதுச்சேரிக்காரருக்கு..."

கண் பார்த்ததை வாய் சொல்லிவிட்டது. அவன் நிறுத்தினான்.

"எந்த இடம்? என்ன பதில்?" என்றான் கமால்.

செசிலியா பைக்குள் கைவிட்டாள். ஜூன் மாதக் கடிதம் அதே மடிப்போடு வெளியே வந்தது. அந்த நடுத்தாளைத் தனியாக உருவி மேஜைமேல் வைத்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது அண்ணே. எண்ணத் தெரியும். மூணு தாள் வந்துச்சு, நீங்க ரெண்டுதான் படிச்சீங்க. ஒவ்வொரு கடுதாசியிலும் அவரு விழுந்தாரு. அப்புறம் நீங்க இந்தத் தாள மறச்சீங்க. எனக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டேன்னுதான் மறச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். காலு போயிருச்சோ, கண்ணு போயிருச்சோன்னு மூணு மாசமாத் தூங்கலை. வேற ஆளுகிட்ட காட்டவும் பயம். அதுல என்னதான் இருக்கு? இப்பவாச்சும் படிங்க."

பர்னபாஸ் மார்த்தாவைப் பார்த்தான். அவள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். தப்பிக்க வழியே இல்லை. எடுத்துப் படித்தான்.

"இனி சைக்கிள் விஷயம். பர்னபாஸ் அண்ணே, இதைப் படிப்பது நீங்கள்தான் என்று தெரியும். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். இங்கே தோட்டங்களுக்கு நடுவே இருபது மைல் போனாலும் ஒரு மோட்டார் வண்டி எதிரே வருவதில்லை. என் சக்கரம் உருளும் சத்தம் எனக்கே கேட்கிறது. மேடு ஏறும்போதெல்லாம் நீங்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருகிறீர்கள் என்றே தோன்றுகிறது. திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். இந்த ரோடு உங்களுக்குச் சேர வேண்டியது, எனக்கு அல்ல. சாமியாரிடம் சொன்னேன். அவருடைய தம்பி தோட்டத்துக்கு ஆள் தேடுகிறார். உங்களுக்கும் மார்த்தா அக்காவுக்கும் வேலையும் வீடும் தருவார். பயணத்துக்கு வேண்டிய காகிதமெல்லாம் இங்கிருந்து வரும். சம்மதம் என்று ஒரே ஒரு வரி, ஆகஸ்டு மாதா திருநாளுக்குள் கிடைக்க வேண்டும். கொட்டகையில் இன்னொரு சைக்கிள் இருக்கிறது. உங்கள் உயரத்துக்குச் சீட்டைத் தூக்கிவைத்துவிட்டேன்."

ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மூன்றாவது கடிதத்திலிருந்து இன்றுவரை சைக்கிள் விஷயத்தை அவன் உள்ளபடி படித்த ஒரே தாள் அதுதான்.

"அவ்வளவுதானா?" என்றாள் செசிலியா. "அவருக்கு ஒண்ணுமில்லையா? மாதாவே!" முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவே சிரித்தாள். "இது உங்களுக்கு வந்த கடுதாசி அண்ணே. நீங்களே வச்சுக்கங்க" என்று தாளை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகுதான் அவன் முகத்தைக் கவனித்தாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

கமால் சூடாக ஒரு டீ கொண்டுவந்து வைத்தான்.

"அவருக்குப் பதில் எழுதணுமே" என்றாள் செசிலியா மெல்ல. "ஏன் பதில் போடலைன்னு என்ன எழுதுவீங்க?"

பர்னபாஸ் பேனாவைத் திறந்தான். கடிதம் கிடைக்கவில்லை என்று எழுதலாம். தபாலாபீஸ் மேல் பழியைப் போடலாம். செசிலியாவுக்கா தெரியப்போகிறது? மார்த்தா எழுந்து வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவள் கை முக்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"எழுதுங்க" என்றாள்.

அவன் எழுதினான். "தம்பி அமிர்தநாதா, கடிதம் வந்தது. நீ எழுதியதை நான் படிக்கவில்லை. உன்மேல் இருந்த பொறாமையில் தாளை மடித்துவிட்டேன்." பிறகு இன்னும் ஒரு வரி சேர்த்தான்.

"கொட்டகையில் இருக்கும் அந்தச் சைக்கிளின் சீட்டை இறக்கிவிடு."