ஹெல்மெட் போட்ட கதாநாயகி

கூட்டம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மேடையில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். தயாரிப்பாளர் தீர்த்தகிரிக்கு இன்னும் நன்றாகவே தெரியும். மூன்று படம் எடுத்து, மூன்றையும் ஜனங்கள் எப்படியெல்லாம் பார்க்காமல் இருந்தார்கள் என்பதைத் தியேட்டர் வாசலில் நின்று கவனித்த மனிதர். அதனால்தான் போச்சம்பள்ளியில் அந்தக் கம்பெனி கேண்டீனில், மனநலக் கூட்டத்தின் நடுவே, அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் ஜன்னலோர மேசைப் பக்கம் திரும்பியபோது அவர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் நிறுத்தினார்.

அந்த மேசையிலிருந்து ஓர் இளைஞன் எழுந்தான். சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனான். அவன் முகத்தை இவர் பார்த்ததில்லை. ஆனால் யாரென்று புரிந்துவிட்டது.

மூன்றாவது படம் வெளியான வெள்ளிக்கிழமை ஓசூர் தியேட்டரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் தீர்த்தகிரி. "இதயம் நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "அப்ப படந்தானுங்களா?" என்று கேட்டார் இவர். பதற்ற நோய் என்று தெரிந்து, மருந்து சாப்பிட்டு, பேசிப் பேசித் தேறினார். தேறிய சூட்டில் ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தார். உதவிக்கு ஒரு போன் நம்பர், அதை எடுக்க மனநல ஆலோசகர் மேகலா, கம்பெனி கம்பெனியாகக் கூட்டம். மேகலா போட்ட சட்டம் ஒன்றுதான்: போனில் கேட்டது போனோடு.

போன மாதம் மேகலா விடுப்பில் இருந்த நாளில் போனை இவர் எடுத்துத் தொலைத்தார். சுரேந்தர் என்று ஒரு பையன், ஜவளகிரிப் பக்கம். எந்தக் கம்பெனி என்று அவன் சொல்லவில்லை.

"பஸ்ஸு கேட்டுக்குள்ள திரும்பறப்ப மூச்சு முட்டுதுங்க சார். அழுகை வந்துடுது. யாரும் பாக்கக் கூடாதுன்னு ஹெல்மெட்டு மாட்டிக்குவேன். ஏன்டான்னு கேட்டா, டிரைவர் மேல நம்பிக்கை இல்லேன்னு சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. அப்பிடியே ஓடுது."

ஒரு கதையைச் சுடும்போது வழக்கு வராமலிருக்க சினிமாக்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. ஊரை மாற்று, பேரை மாற்று, ஆணைப் பெண்ணாக்கு. தீர்த்தகிரி மூன்றையும் செய்தார். ஜவளகிரி தேன்கனிக்கோட்டை ஆனது. சுரேந்தர் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானான். ஹெல்மெட்டை மட்டும் விட மனசு வரவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து உள்ளுக்குள்ளேயே அழுகிற ஒரு ஜீவன். அப்படி ஒரு சீன் அவருடைய மூன்று படத்திலும் சேர்த்து இல்லை. அதைத்தான் இன்று கேண்டீனில் உண்மைக் கதை என்று சொன்னார்; ஹெல்மெட் என்றதும் தலைகள் திரும்பிவிட்டன.

மேகலா அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி வைத்தார். "என்ன சார் பண்ணிட்டீங்க?" என்றார். கத்தாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது.

இருவரும் வெளியே ஓடினார்கள். சுரேந்தரின் போன் அணைந்திருந்தது. கழிப்பறையில் இல்லை, சைக்கிள் ஷெட்டில் இல்லை. காம்பவுண்டுக்கு அப்பால் கழிவுநீர்த் தொட்டியைக் கண்டதும் தீர்த்தகிரி அங்கேயே நின்றுவிட்டார். மேகலா அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். தலையை ஆட்டினார். இல்லை என்கிறாரா, பார்க்காதே என்கிறாரா என்று அரை நொடி புரியாமல் அவர் செத்துப் பிழைத்தார்.

பஸ்கள் நிற்கும் இடத்தில் டிரைவர் திம்மப்பன் பீடியோடு நின்றிருந்தார். "ஏனாயித்து சார், என்ன ஆச்சு? பேயைக் கண்டாப்பல ஓடியாறீங்க?"

"சுரேந்தர்னு ஒரு தம்பி..."

"என் வண்டியில ஹெல்மெட்டு போட்டு என் மானத்த வாங்கறவனா? உள்ளாறதான் படுத்திருக்கான். தலைவலியாம்."

தீர்த்தகிரிக்கு உயிர் பாதி திரும்பியது. மீதிப் பாதி, சுரேந்தர் கடைசி சீட்டிலிருந்து எழுந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்து மறுபடி போய்விட்டது.

"உங்க குரலக் கேட்டதும் நினைச்சேன் சார், நம்ம சாரு ஆச்சேன்னு. சந்தோசமா உக்காந்து கேட்டேன்" என்றான் அவன். "சிரிச்சிட்டு இருந்தானுங்க சார். இனிமே பாவப்படுவானுங்க. அதுக்கு நான் வேலைய விட்டுட்டுப் போலாம்."

"தம்பி, தப்பு என்னுதுதான்..."

"அது எனக்கு எதுக்கு? போயி பொய்யின்னு சொல்லுங்க. எல்லாம் கட்டுக்கதைன்னு சொல்லுங்க."

தீர்த்தகிரி மேகலாவைப் பார்த்தார். அப்படிச் சொன்னால் இந்தத் தொழிற்பேட்டையில் அறக்கட்டளையை எவன் நம்புவான்? மேகலா சுரேந்தருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். "அவர் சொல்றத செய்ங்க சார். அது அவர் கதை."

தீர்த்தகிரி கேண்டீனுக்குத் திரும்பினார். கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. மருந்தை நிறுத்தியது அவசரமோ என்று ஒரு யோசனை வேறு.

"ஒரு நிமிசம்ங்க! இப்ப நான் சொன்னது என்னோட அடுத்த படத்துக் கதை. நீங்க அழுவீங்களான்னு சோதிச்சுப் பாத்தேன்."

சத்தம் அடங்கியது. "அப்ப அந்த ஹெல்மெட்டு?" என்று ஒரு குரல்.

"உங்க பஸ்ஸுல ஒருத்தர் ஹெல்மெட்டோட வர்றாருன்னு வாசல்ல பேசிக்கிட்டாங்க. தமாசா இருந்துச்சு. என் கதாநாயகிக்கு மாட்டி விட்டேன். அழுகை என் சரக்கு."

"த்தூ! சினிமாக்காரன்!" என்றான் ஒருவன். சிரிப்பு கிளம்பியது. தன் எந்தப் படத்துக்கும் கிடைக்காத சிரிப்பு. அதை வாங்கிக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் சுரேந்தர் உள்ளே வந்தான்.

"வாடா கதாநாயகி! கால்சீட்டு எப்ப?"

"மொதல்ல சம்பளம் பேசுடா" என்றான் சுரேந்தர். சிரித்தான். அது நிஜச் சிரிப்பா, நடிப்பா? எத்தனையோ நடிகர்களைப் பார்த்த தீர்த்தகிரிக்கு அது தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஒதுங்கி அவரிடம் வந்தாள். சட்டைப் பையில் சரிதா என்று பெயர் தைத்திருந்தது. "சார், அந்த தேன்கனிக்கோட்டை அக்கா... அவங்களுக்கு எங்க காட்டி சரியாச்சுன்னு கேக்கலாம்னு இருந்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "நெசமாவே கதைதானுங்களா?"

இரண்டடி தள்ளி சுரேந்தர் நின்றிருந்தான். தீர்த்தகிரி அவனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கதைதாம்மா."

அவள் முகம் சுருங்கியது. "சரிங்க சார்" என்று திரும்பினாள்.

"அக்கா" என்றான் சுரேந்தர். யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். "கதை பொய்தான்க்கா. அந்த மேடம் நெசம். வாங்க."

இருவரும் வேப்ப மரத்தடியில் நின்ற மேகலாவை நோக்கி நடந்தார்கள். அதே நேரம் எதிர்ப்பக்கமிருந்து, கூட்டத்துக்கு ஏற்பாடு செய்த மனிதவள அதிகாரி பரமசிவம் வேகமாக வந்தார். திருநெல்வேலிக்காரர். கோபத்தில் ஊர்ப்பேச்சு முந்திக்கொண்டு வந்தது.

"என்ன சார் நெனைச்சிட்டிருக்கிய? மனநலம்னு உள்ள வந்து படத்துக்கு வெளம்பரம் பண்ணுதியளோ? இனி இந்தப் பேட்டையில ஒரு கம்பெனியிலயும் ஒங்களுக்குக் கூட்டம் கெடையாது, பாத்துக்கிடுங்க. எங்க அந்த மேடம்?"

அவர் கண் மரத்தடிப் பக்கம் திரும்பப் போனது. அங்கே சரிதா கையால் வாயைப் பொத்தியபடி பேசிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்று கேட்கத் தீர்த்தகிரிக்குக் காது துடித்தது. பரமசிவத்தின் தோளில் கையைப் போட்டு அவரை மறுபக்கம் திருப்பினார்.

"திட்டுங்க சார், நியாயம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கதை சொல்லிடறேன். ராகிக் காட்டுல ஒரு யானை..."

"கதையா? இன்னுமா?"

"நல்ல யானை சார். காவலுக்கு இருக்கறவன் பட்டாசு போட்டாலும் நகரல. அவன் பொண்டாட்டி வந்து நிக்கறா..."

பரமசிவம் கடிகாரத்தைப் பார்த்தார். நகரவில்லை. "பொறவு?"

பிறகு என்னவென்று தீர்த்தகிரிக்குத் தெரியாது. மரத்தடியில் மூன்று தலைகள் இன்னும் நெருங்கியிருந்தன.

"பொறவு அந்த யானை, சார்..." என்று இழுத்தார்.